பருத்திப்பட்டில் பதினேழு கஜபதி

சேக்காட்டு நாகம்மாவுக்கு, தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷத்தில், ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் மறுபடியும் தூரிகை பிடிக்கும் யோகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் திருஷ்டிப் பானைக்குப் பூதமுகம் எழுத அவளை விட்டால் ஆள் கிடையாது. தாலி கட்டிய கஜபதியோ, குடும்பத்துப் பொம்பளை பூதம் எழுதுவதாவது என்று அதை ஏறக்கட்டிவிட்டான். முப்பத்து மூன்று வருஷம்! பாவி மனுஷன். இப்போது அவன் ஃபாக்டரியிலிருந்து ரிட்டையராகி, வீட்டில் குந்திக்கொண்டு குழம்புக்கு நொட்டை சொல்லும் காலம். மேஸ்திரி வேம்புலி வந்து, ஏரிப்பக்கம் புதுவீடாய் எழும்புகிறது, பானை எழுத ஆளில்லை என்று கெஞ்சியதும் அவள் புருஷனைக் கேட்காமலே தலையாட்டிவிட்டாள்.

பதினேழு பானை எழுதினாள். உருட்டு விழி, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. கை எதையும் மறக்கவில்லை, அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. பருத்திப்பட்டில் சாரத்துக்குச் சாரம் பானை தொங்கியது. காற்று வாங்கப் போன கஜபதிதான் முதலில் கண்டான். பதினேழும் அவனேதான், மூக்கோரத்து மச்சம் உட்பட.

ஊர் சும்மா விடுமா? ஒரு வீட்டில் பானை விழுந்து உடைந்தது. புதுசு காய்கிற வரைக்கும் அண்ணாத்தே கொஞ்சம் சாரத்தில் நின்றால் தேவலை என்றான் வேம்புலி. மரியாதைக்காகக் கஜபதியும் ஏறி அரை நாள் நின்றான். ஆனாலும் பானை அளவுக்கு வராது என்று வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

அன்றைக்கு வந்த கோபத்தில் கஜபதி, ஒன்று முகத்தை மாற்று, இல்லையென்றால் தூரிகையைக் கிணற்றில் போடு என்று கத்தினான். இன்னொரு முறை தூரிகையை விட்டால் இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று நாகம்மாவுக்குத் தெரியும். மெனக்கெட்டு வேறு முகம் எழுதிப் பார்த்தாள். சிங்கமாக ஆரம்பித்தாலும் கஜபதியாகத்தான் முடிந்தது.

பொறுக்கமாட்டாமல் அவன் எதிரே வந்து குந்தி, "என் மூஞ்சி இப்டியா கீது? இத்தப் பாத்து எழுது" என்று பல்லைக் காட்டிச் சிரித்தான்.

நாகம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த மூஞ்ச நான் பாத்ததே இல்லியே. முப்பத்தி மூணு வருசமா நீ காட்ன மூஞ்சிதான்யா என் கையில கீது."

கஜபதி எழுந்து போகவில்லை. சிரித்த வாயோடு அப்படியே இருந்தான். அவள் புதுப் பானையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அரைமணி நேரத்தில் அவன் தாடை வலியெடுத்து, வாயை மூடிக்கொள்ளட்டுமா என்று ஜாடையில் கேட்டான்.

"மூடாத. எனக்கு இன்னும் பழகல."