பேர் வரும் இடம்

ஞானசௌந்தரிக்கு ராப் என்றால் தாளத்தோடு திட்டுவது. அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. திருப்பதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மேல்மாடியில் அவளுடைய பதிவு அறை இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு, லெந்து காலப் பாட்டு, நடுவில் ஏதாவது ஒரு பாஸ்டர் மகளின் தனிப்பாட்டு என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவளிடம் ராப் பாட்டைக் கொடுத்து மிக்ஸ் பண்ணச் சொன்னால் என்ன ஆகும்? என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

"இன்னா ஆண்ட்டி இது? கெணத்துல வுழுந்தவ மாரி கீது என் கொரலு" என்றாள் ரூபா.

"கொஞ்சம் எக்கோ குடுத்தேன். கோயில் ஹால்ல நின்னு பாடுறா மாரி இருக்கட்டுமேன்னு."

"நான் எங்க கோயில்ல நின்னேன்? அது போவட்டும், என் மூச்சு எங்க? மூச்சு வாங்குற சத்தமே காணமே?"

அதையும் ஞானசௌந்தரிதான் எடுத்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரும் மூச்சைக் களை பிடுங்குவதுபோல உட்கார்ந்து பிடுங்கி, சுத்தமாக இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டிருந்தாள். ரூபா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஓடியாந்து சொல்றவளுக்கு மூச்சு வாங்காதா ஆண்ட்டி? எல்லாத்தையும் திரும்ப வைங்க. நேரம் போய்க்கினே கீது."

நேரம் போய்க்கொண்டுதான் இருந்தது. ரூபாவின் ஊரான சத்தியவேட்டில் சாயங்கால ஷிஃப்டுக்கு வேன்கள் கிளம்புவதற்குள் இந்தப் பாட்டு அங்கிருக்கும் பெண்களின் ஃபோனுக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலை கம்பெனியில் விசாரணை. பத்மினி எப்படி வேனிலிருந்து விழுந்தாள் என்று அதில் கேட்பார்கள்.

பத்மினியும் ரூபாவும் ஒரே கம்பெனியில் வேலை செய்தார்கள், ஒரே வேனில் போய் வந்தார்கள். போன வாரம் விடியற்காலையில் வேலை முடிந்து திரும்பும்போது ஒரு வளைவில் வேன் கதவு திறந்துகொண்டது. கதவோரம் தூங்கிக்கொண்டிருந்த பத்மினி ரோட்டில் போய் விழுந்தாள். இப்போது திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இன்னும் பேச்சு வரவில்லை. அவளால் பேச முடியாது என்று தெரிந்ததும் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. எவனோடோ ஃபோனில் குசுகுசுத்தாளாம், சிக்னல் கிடைக்கவில்லை என்று கதவைத் தானே திறந்தாளாம். அந்தக் கதவின் பூட்டு எப்போதோ உடைந்து, நைலான் கயிறு போட்டுக் கட்டித்தான் வேன் ஓடியது என்பது உள்ளே உட்கார்ந்து வந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். ஆனால் வேலை போய்விடுமே என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

ரூபா வேனில் பொழுது போகாமல் ராப் கட்டுகிறவள். சூப்பர்வைசரைப் பற்றிக் கட்டுவாள், கேன்டீன் சாம்பாரைப் பற்றிக் கட்டுவாள். பெண்கள் சிரித்துச் சிரித்துப் பின்பாட்டு பாடுவார்கள். விசாரணையில் தனியாகப் பேசப் பயப்படுகிறவளும் பாட்டில் சேர்ந்து கத்திவிட்டால் அப்புறம் பயப்பட மாட்டாள் என்பது அவள் கணக்கு. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, எங்கள் சபையில் ஒரு அக்கா பாட்டுப் பதிவார்கள் என்று கைகாட்ட, இங்கே வந்து நின்றாள்.

இதெல்லாம் ஞானசௌந்தரிக்கு முந்தின நாளே தெரியும். கேட்டுவிட்டு இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டாள். அவளுக்குத் தெரியாமல் இருந்தது பாட்டின் கடைசி வரிகள். அவற்றை ரூபா இன்று காலைதான் மைக் முன்னால் நின்று சொன்னாள். யார் வண்டி, யார் கதவு என்று நடுவில் தெலுங்கிலும் கேட்டாள்.

*கதவுக்குக் கயிறு, கயித்துக்கு முடிச்சு*
*தூங்கிக்கினு வந்தா நைட் ஷிஃப்டு முடிச்சு*
*எட்டியும் பாக்கல, ஃபோனும் பேசல*
*எவரி பண்டி ரா? தனராஜு வண்டி!*
*எவரி கதவு ரா? தனராஜு கதவு!*

தனராஜ் ஞானசௌந்தரியின் கூடப்பிறந்த தம்பி.

தம்பி கம்பெனிகளுக்கு வேன் விடுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். இந்த வேன் அவனுடையது என்று அவன் சொல்லவே இல்லை. புருஷன் இறந்தபின், "நீ யார் வூட்டு வாசல்லயும் போய் நிக்க வேணாங்க்கா" என்று இந்த அறையைப் பிடித்து, மிக்சரும் ஸ்பீக்கரும் கொண்டுவந்து இறக்கியவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் கோயிலில் தன் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வான். அவன் பெயரை இந்தப் பெண் நெருப்புத் துப்புகிற மாதிரி துப்பிவிட்டு, "நல்லா வந்திச்சா ஆண்ட்டி?" என்று கேட்கிறாள். "வந்திச்சு" என்றாள் ஞானசௌந்தரி. வேறென்ன சொல்வாள்?

எக்கோவைக் கழற்றி, மூச்சையெல்லாம் திரும்ப வைத்ததும் குரல் காதோரம் வந்து நின்றது. ரூபா முகம் தெளிந்து, "நான் போய் பத்மினிய பாத்துட்டு ஓடியாந்துடறேன்" என்று இறங்கிப் போனாள். அவள் படி இறங்கிய சூட்டோடு ஃபோன் அடித்தது. தனராஜ்.

"அக்கா, அந்த ரூபா உன்னாண்டதான் வந்துகிறாளா?"

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"வந்துகிறா. ஆஸ்பத்திரில சொன்னாங்க. என் பேர வெச்சிக் கட்டிகிறாளாம். பாட்டு வேணான்னு சொல்லல. பாடிக்கட்டும். என் பேரு மட்டும் கேக்காம பண்ணிடுக்கா. உனுக்கு அது ஒரு வேலையா?"

"கதவுல கயிறு கட்டினது நெஜமாடா?"

"எல்லார் வண்டியும் அப்டித்தான் ஓடிக்கினு கீது."

"நெஜமான்னு கேட்டேன்."

"அக்கா, பேரு வெளிய வந்தா எல்லா கம்பெனிலயும் வண்டிய நிறுத்திடுவானுங்க. நான் உன் தம்பிக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது. சின்ன வயதில் அடி வாங்கிவிட்டு வந்து அவள் முந்தானைக்குள் ஒளிந்தபோது இருந்த அதே குரல்.

அவள் ஃபோனைக் குப்புறக் கவிழ்த்தாள். செய்யக் கூடாது என்று மனம் சொன்னது, கை செய்தது. எப்படிச் செய்வது என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாடகர் குழுவில் ஒருவர் சுருதி விட்டால் அவர் குரலை வெட்டக் கூடாது. வெட்டினால் அந்த ஓட்டை எல்லார் காதிலும் விழும். ஆர்கன் சத்தத்தைத் தூக்கி மேலே போர்த்திவிட வேண்டும். இந்தப் பாட்டில் ஆர்கன் இல்லை, பேஸ் என்கிற, வயிற்றைக் கலக்கும் கனத்த அடிஒலி இருந்தது. பெயர் வரும் இடத்திலெல்லாம் அந்தப் பேஸை ஏற்றினாள். எல்லாம் சேர்ந்து இரைச்சலாக உடைந்துவிடாமல் இருக்க, அங்கே மற்ற வாத்தியங்களின் சத்தத்தை இறக்கினாள். பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். எவரி பண்டி ரா? தடதடவென்று அறையே அதிர்ந்தது. பெயர் இருந்த இடம் தெரியவில்லை.

வெற்றிதான். ஆனால் வாயில் கசந்தது. பேச முடியாமல் கிடக்கிற பெண்ணின் வாயை இன்னொரு முறை பொத்திவிட்டோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் அப்படியே சேவ் பண்ணினாள்.

ரூபா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "முடிஞ்சிதா? அனுப்புங்க, அனுப்புங்க."

"பெரிய ஸ்பீக்கர்ல ஒரு வாட்டி கேளு" என்றாள் ஞானசௌந்தரி. அதில்தானே பெயர் மறைந்திருந்தது.

"அதுல எதுக்கு ஆண்ட்டி? வேன்ல எல்லாம் ஃபோன்லதான கேக்கப் போறாளுங்க."

சொல்லிக்கொண்டே பாட்டைத் தன் ஃபோனுக்கு வாங்கி, சத்தத்தை முழுசாக வைத்து ஓடவிட்டாள். ஞானசௌந்தரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயிறு வந்தது, முடிச்சு வந்தது. எவரி பண்டி ரா?

*தனராஜு வண்டி!*

கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டதுபோல அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மறுபடியும் வந்தது: *தனராஜு கதவு!* பெயரைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. பெயர் மட்டும் தனியாக, முழுசாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஃபோனின் அந்தத் துளியூண்டு ஸ்பீக்கரில் பேஸ் வரவே வராது. அவள் போர்த்திய போர்வை அதில் இல்லவே இல்லை. மற்ற வாத்தியங்களையும் அவளே இறக்கிவைத்துவிட்டாள். ராப் கேட்கிறவர்களுக்குப் பச்சைப்பிள்ளைப் பாடமாக இருக்கும் இது. ஆயுசெல்லாம் கோயிலின் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கே பாட்டுச் செய்தவளுக்கு எப்படித் தெரியும்?

"ஐயோ ஆண்ட்டி!" ரூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "பேரு வர்ற எடத்துல மியூசிக்க அப்டியே நிறுத்திட்டீங்களே! ராப்பு தெரியாதுன்னு சொல்லிக்கினு எப்டி வேலை பண்ணிக்கிறீங்க! பத்மினி கேட்டாள்னா எழுந்து உக்காந்துடுவா."

ரூபாவின் கட்டைவிரல் அனுப்பும் பட்டனுக்குப் போயிற்று. 'குடு, ஒரு சின்ன திருத்தம் இருக்குது' என்று ஞானசௌந்தரி சொன்னால் போதும். சந்தேகமில்லாமல் கொடுத்துவிடுவாள். சும்மா நின்றாலும் போதும். பாட்டு தானாகப் போகும், பாராட்டும் மிஞ்சும், தம்பியிடம், 'ஃபோன்ல பேஸ் கேக்காதுன்னு தெரியாம போச்சுடா' என்று கையை விரித்துவிடலாம். ஆனால் அந்தப் பாராட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் நிறுத்தல ரூபா. மறைக்கப் பாத்தேன்."

"இன்னாது?"

"தனராஜு என் தம்பி."

ரூபா பிடித்திருந்த கையை விட்டாள். ஒரு அடி பின்னால் போனாள். ஃபோனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள், பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல. "இன்னும் எங்கெங்க மறைச்சிகிறீங்க?" என்றாள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது.

ஞானசௌந்தரி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரூபாவுக்குத் திரை தெரியும்படி ஒதுங்கிக்கொண்டு, ஏற்றிய பேஸை ஒவ்வோர் இடமாக இறக்கினாள். ரூபா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஞானசௌந்தரி பெரிய ஸ்பீக்கரைத் திருகிவிட்டு, "இப்ப இதுலயும் கேளு. நாளைக்கு கம்பெனி வாசலாண்ட பெரிய பொட்டி வெச்சிப் போட்டாலும் கேக்கணும்" என்றாள்.

கவிழ்த்து வைத்திருந்த ஃபோன் மேஜையில் துடித்தது. இருவருக்கும் யார் என்று தெரியும். ஞானசௌந்தரி எடுத்தாள்.

"முடிச்சிட்டியாக்கா?"

"முடிச்சிட்டேன். கேளு."

ஃபோனை ஸ்பீக்கருக்கு நேராக நீட்டினாள். *எவரி பண்டி ரா?* அறை முழுக்க அவன் பெயர் ஒலித்தது. இன்னொரு முறையும் ஒலித்தது. அவள் ஃபோனை இறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் ரூபாவின் ஃபோனுக்குப் புதியதை அனுப்பிவிட்டுத் தலையாட்டினாள். ரூபா பட்டனை அழுத்தினாள்.

"அக்கா" என்றான் தனராஜ். "நான் உன் தம்பி இல்லியா?"

"தம்பிதான்டா" என்றாள். அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. "நாளைக்கு விசாரணைக்கு நீயே போ. போறப்போ அந்தக் கயித்தையும் எடுத்துக்கினு போ."