ஒரே டேங்கில் மூன்று மருந்து

பாகூர் கடைத்தெருவில் வேணுவின் பூச்சிமருந்துக் கடை எது என்று யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள். அவர் மகள் நிவேதா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மூளை டாக்டர் என்பார்கள். கோழிமுட்டை ஆராய்ச்சி என்று சிரிப்பவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. முட்டைக்குள் வளரும் குஞ்சின் மூளையிலிருந்து செல்களை எடுத்துத் தட்டில் வளர்த்து, பூச்சிமருந்து பட்டால் அவை ஒழுங்காகக் கிளை விடுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அப்பா விற்கும் சரக்கையே மகள் சந்தேகப்படுகிறாள் என்று ஊர் கேலி பேசியது. வேணு கண்டுகொள்ளவில்லை. வருடக்கணக்காகியும் அவளுக்கு எந்த மருந்திலும் எதுவும் அகப்படவில்லையே. ஆய்வுப் பதிவில் 'பாதிப்பில்லை' என்று எழுதி எழுதி அவளுக்கே அலுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஏம்பலத்து விவசாயி மாரிமுத்து வந்தார்.

"அண்ணே, நெல்லுல புழுவும் இருக்குது, குலைநோயும் இருக்குது. இன்னா அடிக்கலாம்?"

"இந்த ரெண்டையும், கூட இந்தப் பயிர் டானிக்கையும் ஒரே டேங்க்ல ஊத்தி அடிச்சிடு," என்றார் வேணு. "ஒரே கூலியில முடிஞ்சிரும்."

மாரிமுத்து பையை நிரப்பிக்கொண்டு போனார். நிவேதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகவே சோதித்து வந்தாள். இந்தப் பக்கத்து வயல்களில் யார் தனியாக அடிக்கிறார்கள்? சின்ன வயதிலிருந்து இந்தக் கடையில் கேட்ட பேச்சுதான்; கேட்டுக் கேட்டே காதில் ஏறாமல் போயிருந்தது. தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அதே மூன்றையும் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்க் கலந்து, வயலில் நிற்பவர் உடம்பில் சேரக்கூடிய அளவுக்கு நீர்க்கச் செய்து சோதித்தாள். செல்கள் சாகவில்லை, கிளை விடாமல் மொட்டையாக நின்றன. தற்செயலாக இருக்கும் என்றார் ஆய்வகத் தலைவர். திரும்பச் செய்தாள். புது முட்டை வாங்கி வந்து திரும்பவும் செய்தாள். மொட்டையாகவே நின்றன.

கட்டுரையை அனுப்பினால், இப்படிக் கலக்கும்படி எந்த நிறுவனமும் சொல்லவில்லையே, யாரும் அடிக்காததைச் சோதித்து என்ன பயன் என்று ஆய்விதழ் கேட்டது. கடைக்காரர் ஒருவராவது 'நான் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று. வில்லியனூரிலிருந்து மூலக்குளம் வரை கடைகடையாக ஏறி இறங்கினாள். எல்லோரும் காபி வாங்கிக் கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் அப்பாவிடமே வந்து நின்றாள்.

"நீயாச்சும் போடுப்பா."

"கடைய இழுத்து மூடச் சொல்றியா? இந்தக் கடைதான் உன்னப் படிக்க வச்சுது."

"தெரியும். நீ போடலன்னா, எங்கப்பா சொன்னத என் காதால கேட்டேன்னு நானே எழுதிக் குடுப்பேன். இத நான் வுட மாட்டேன்."

வேணு கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அம்மா கமலவேணி, நிவேதாவின் அண்ணன் கதிரவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவன். இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவன் வயித்துல இருக்கசொல்ல உங்கம்மாதான் இங்க உக்காந்து மருந்து அளந்து ஊத்திக் குடுத்தா," என்றார். "இதனாலதானா?"

கடையைவிட இந்தக் கேள்விதான் கையெழுத்துப் போடவிடாமல் அவரைப் பிடித்து வைத்திருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இல்லை என்று சொல்லிவிடத்தான் அவளுக்கு ஆசை.

"தெரியாதுப்பா. நான் பாத்தது கோழிக்குஞ்சோட செல்லு. அண்ணனுக்கு ஏன் பேச்சு வரலன்னு அது சொல்லாது."

"தெரியாதுன்ற. இல்லன்னு சொல்லலியே."

நிவேதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேணு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கடைப் பேரையும் சேத்து எழுதிக்க," என்றார். "எங்க போடணும், காட்டு."