பேட்டரி வயரைக் கழற்றுகிறவர்

அந்த வட்டாரத்தில் 'கரண்டு வந்துட்டாரா?' என்று யாராவது கேட்டால் மின்சாரத்தைக் கேட்கவில்லை, ஒரு மனிதரைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கார்களுக்கு வயர் வேலை பார்ப்பவர். முப்பது வருஷமாக ஒரே தகரக் கொட்டகை, ஒரே ஸ்டூல். பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் பேர். அந்தப் பேர் மேல் அவருக்குப் பிள்ளைப் பாசம். வினையே அங்கேதான்.

அவருடைய தங்கை புருஷனிடம் ஒரு பழைய கார் இருந்தது. அந்த வீட்டில் உலை கொதிப்பதே அந்த வண்டியால்தான். தினமும் காலை நாலு நர்ஸ்களை வீடு வீடாக ஏற்றிப்போய் ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டும். இரண்டே மாதத்தில் வண்டி மூன்று தடவை நடுவழியில் படுத்துவிட்டது. மூன்றாம் தடவை நர்ஸ்கள் கொட்டுகிற மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோனார்கள். ஆஸ்பத்திரி மேனேஜர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், "இன்னொரு தடவை வண்டி நின்னுச்சுன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்" என்று முடித்துவிட்டார்.

மூன்று தடவையும் ஒரே கதைதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக பேட்டரி விளக்கு எரியும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். உள்ளே இருக்கிற சார்ஜ் தீர்கிற வரை வண்டி ஓடும், பிறகு நின்றுவிடும். சார்ஜ் கொடுக்கிற சாமானுக்குப் பெட்டியில் ஆல்டர்னேட்டர் என்று போட்டிருப்பார்கள், பட்டறையில் டைனமோ என்றுதான் சொல்வார்கள்.

முதல் டைனமோ வண்டியோடு வந்தது, வயதாகிச் செத்தது. அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவதைக் கரண்டு பழைய இரும்புக் கடையில் குவியலுக்குள் தலையைவிட்டுத் தேடி எடுத்து வந்தார். பதினோரு நாள் உழைத்தது. மூன்றாவது புத்தம் புதுசு, பளபளவென்று பெட்டியோடு வந்தது. பெட்டியில் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததை மாட்டின பிறகுதான் கவனித்தார். அது ஐந்தாம் நாளே மண்டையைப் போட்டது.

"எல்லாம் டூப்ளிகேட் மாப்ளே. இந்தக் காலத்துல எவனை நம்பறது?" என்றார் கரண்டு.

மச்சான் சொன்னால் மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

எந்த டைனமோ மாட்டினாலும் கரண்டு கடைசியில் ஒரு சோதனை செய்து காட்டுவார். எஞ்சினை ஓடவிட்டு, சுற்றி நிற்கிறவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயரைச் சட்டென்று கழற்றிவிடுவார். பேட்டரி இல்லாமலே எஞ்சின் ஓடினால் டைனமோ நன்றாக வேலை செய்கிறது என்று கணக்கு. "பாத்தீங்களா!" என்று வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கை தட்டாததுதான் பாக்கி. தொழில் பழகிய நாளிலிருந்து அப்படித்தான், ஆயிரம் வண்டிக்காவது செய்திருப்பார்.

மூன்றாவதும் போன பிறகு, செத்துப்போன டைனமோக்களில் பின்னால் வாங்கிய இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, டைனமோ, மோட்டாருக்கெல்லாம் கம்பி சுற்றித் தருகிற வைண்டிங் கடைக்குப் போனார். கடை நடத்துகிற அம்மாள் அதிகம் பேசமாட்டாள், ஆனால் அவளிடம் அசல் சாமான்தான் கிடைக்கும். இரண்டையும் பிரித்துப் போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்தாள். சாமான் விற்றவர்களைக் கரண்டு ஒரு பாட்டம் திட்டி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள்.

"திட்டாதீங்கண்ணே. இந்தப் புதுசு மட்டம்தான், ஆனா இவ்வளவு சீக்கிரம் போகாது. இந்தப் பழசு அசல் கம்பெனி சாமான். இன்னும் நாலு வருஷம் ஓடியிருக்கும். ரெண்டுலயும் உள்ளே இருக்கற டயோடுதான் அடிபட்டிருக்கு, ஒரே மாதிரி" என்றாள். "எஞ்சின் ஓடும்போது யாரோ பேட்டரி வயரைக் கழட்டியிருக்காங்க."

"கழட்டினா என்ன?"

"டைனமோ அனுப்பற கரண்டையெல்லாம் பேட்டரிதானே வாங்கித் தாங்கிக்குது. அதைத் திடீர்னு எடுத்துட்டா மொத்தமும் எகிறி டயோடை அடிச்சிரும். அந்தக் காலத்து வண்டி தாங்கும், இது தாங்காது. சில சமயம் உடனே போயிரும், சில சமயம் பத்து நாள் இழுத்துட்டுப் போகும். யாருண்ணே கழட்டினது?"

"தெரியலையேம்மா" என்றார் கரண்டு.

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டைனமோக்களைக் கொன்றது சாமான் கடைக்காரன் இல்லை, இந்தக் கைதான். போதாக்குறைக்கு ஆள் கூட்டி வைத்துக்கொண்டு கொன்றிருக்கிறது.

அசல் டைனமோ ஒன்றைத் தன் காசிலேயே வாங்கினார். பெட்டியின் முத்திரையைப் பார்த்தார், கையில் தூக்கி எடை பார்த்தார், எண் ஸ்டிக்கராக ஒட்டாமல் உடம்பிலேயே பொறித்திருக்கிறதா என்று பார்த்தார், சுற்றிவிட்டுக் கரகரப்பு இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. அன்று மதியமே தங்கை வீட்டு வாசலில் வண்டிக்கடியில் படுத்து மாட்டினார். பெல்ட்டை மாற்றினார், வயர் முனைகளைத் தேய்த்து முறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தால் பதினாலு புள்ளி இரண்டு வோல்ட் காட்டியது. விளக்கு, விசிறி எல்லாம் போட்டும் பதினாலுக்குக் கீழே வெகுவாக இறங்கவில்லை. பொன்னான சாமான்.

மாப்பிள்ளை பேட்டரிக்குப் பக்கத்தில் வந்து தயாராக நின்றார். தங்கையும் டீ டம்ளரோடு வந்து நின்றாள்.

"வயரைக் கழட்டிக் காட்டலையா மச்சான்?"

சொல்லியிருக்க வேண்டும். 'இனிமே அதைச் செய்யக் கூடாது மாப்ளே, அதனாலதான் ரெண்டும் போச்சு' என்று ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இன்னொரு வரி நின்றது. நர்ஸ்கள் மழையில் நடந்தது என்னால், மேனேஜர் உங்களை நிற்கவைத்துப் பேசியது என்னால். தங்கை முகத்தைப் பார்த்தார். 'எங்கண்ணன் பாத்தா சரியா இருக்கும்' என்று எப்போதும் இருக்கிற அதே முகம். வாய்வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

"தேவையில்ல மாப்ளே. மீட்டர்லயே தெரிஞ்சு போச்சு."

"சரி மச்சான்" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அவர் கண் பேட்டரியை விட்டு நகரவில்லை. கரண்டு அதையும் பார்த்தார். பார்த்தும் பேசாமல் வீட்டுக்குப் போனார். வறட்டுக் கௌரவம், வேறென்ன.

மறுநாள் காலை ஆறே காலுக்குப் போன் அடித்தது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"மச்சான்! நாலாவது நர்ஸ் வீட்டு வாசல்ல நிக்கிறேன். மூணு பேர் ஏறியாச்சு." மாப்பிள்ளையின் குரலில் இரண்டு மாதமாக இல்லாத சிரிப்பு இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. நேத்து நீங்க கழட்டிப் பாக்கலையா, எனக்கு மனசே கேக்கல. இன்னிக்கு எதாவது ஆச்சுன்னா பொழப்பு போச்சே. அதான் கிளம்பும்போது நீங்க செய்யற மாதிரியே நானே வயரைக் கழட்டிப் பாத்தேன். எஞ்சின் நிக்கவே இல்ல மச்சான்! ஜம்முனு ஓடுது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

கரண்டு அவசரமாகக் குறுக்கிட்டார்.

"மாப்ளே, பேட்டரி விளக்கு எரியுதா?"

போனில் வைப்பர் அடிக்கிற சத்தம் கேட்டது.

"லேசா எரியுது. வயரைக் கழட்டி மாட்டினதால இருக்கும், போகப்போக அணைஞ்சிரும்ல?"

"மாப்ளே, கேளுங்க. அவங்களை இறக்கி ஏதாவது ஆட்டோவுல ஏத்தி விடுங்க. ஓடும்போது வயரைக் கழட்டினா டைனமோ போயிரும். முன்னாடி ரெண்டும் அப்படித்தான் போச்சு. நான் கழட்டித்தான் போச்சு. கடையில அந்தம்மா சொல்லிட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"நேத்து காலையில."

நாலாவது நர்ஸ் ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தமும், "அண்ணா, லேட்டாகுது, போலாமா?" என்று அவள் கேட்பதும் கரண்டுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நேத்து மதியம் நான் உங்களைக் கேட்டேனே மச்சான்" என்றார் மாப்பிள்ளை.