சங்கிலி போடாத டிரெய்லர்

இலங்கையில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் படுத்துவிட்டது. எழுபத்துமூன்றாம் ஆண்டு, கப்பலில் உதிரிச் சாமான் வராத காலம். கொழுந்து காத்திருக்குமா? டிராக்டர் இழுத்த டிரெய்லரை லொறிக்குப் பின்னால் பூட்டிவிடலாம் என்று தோட்டத்தை நடத்தும் தொரை முடிவு செய்தார். இரவல் டிராக்டர் ஒன்று அதைப் பதுளைக்கு இழுத்து வர, பெரிய கிளாக்கரும் லொறி டிரைவர் அந்தோனியும் அஸீஸின் இரும்புப் பட்டறையில் வந்து நின்றார்கள்.

அஸீஸ் குனிந்து பார்த்தார். டிராக்டருக்கு என்றால் துளையில் ஒரு ஆணியைச் செருகினால் போதும். லொறியின் பின்பக்கமோ உயரம். டிரெய்லரின் முன் தண்டை வெட்டி உயர்த்தி வளையம் ஒட்ட வேண்டும். லொறியில் கொக்கி வைக்க வேண்டும்.

"ஆக்கள் ஏறுவாங்களா?" என்று கேட்டார். "ஏறுறதெண்டா ரெண்டு பக்கமும் சங்கிலி போடணும். குழியில துள்ளிக் கொக்கி கழண்டாலும் சங்கிலி புடிச்சிக்கிடும்."

"கொழுந்தும் வெறகும்தான்யா. அதுக்கு எதுக்குச் சங்கிலியும் மண்ணாங்கட்டியும்?" என்றார் கிளாக்கர்.

பச்சைப் பொய். காய்ச்சல்காரனோ பிள்ளைத்தாச்சியோ, தோட்டத்திலிருந்து யார் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த டிரெய்லரில்தான் போவார்கள். சொல்லிவிடலாமா என்று அந்தோனிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவன் மனைவி பவுலினாவே ஏழு மாதக்காரி. கிளாக்கர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், வந்த வார்த்தையை விழுங்கிவிட்டான். வேலை போனால் குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடுமே! பாவம், பயந்த மனுஷன்.

பவுலினாவுக்கு வலி கண்ட அன்று பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவிச்சி கையை விரித்தாள். லொறியில் ஸ்டேஷனுக்குப் போகும் தேயிலைப் பெட்டிகள் நிறைந்திருந்தன. அந்தோனி டிரெய்லரில் சாக்கு விரித்தான்.

துணைக்கு ஏறிய பக்கத்துக் காம்பராப் பெரியாயி கேட்டாள்: "ஏன் அந்தோனி, முன்னால சீட்டு சும்மாத்தானே கெடக்கு? புள்ளத்தாச்சிய அங்க ஏத்தேன்."

"அது ஐயாமாரு ஒக்கார்ற எடம்க்கா. யாராச்சும் பாத்துச் சொல்லிட்டா என் வேல போயிரும்."

கிளாக்கர் அன்று வரவே இல்லை. ஆனாலும் அந்த இருக்கையில் லயத்து ஆள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நான் பின்னாலயே வர்றேங்க. நீங்க மெதுவா ஓட்டுங்க," என்றாள் பவுலினா.

மெதுவாகத்தான் ஓட்டினான். ஏற்றத்தில் மழை அரித்த குழியில் லொறி தூக்கிப் போட்டது. பிறகு பின்னால் இழுவையே இல்லை. அது என்னவென்று எந்த டிரைவருக்குத் தெரியாது? பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினான். டிரெய்லர் பின்னோக்கி உருண்டு தேயிலைச் சரிவில் கவிழ்ந்து கிடந்தது. பெரியாயி கை ஒடிந்து அலறினாள். பவுலினாவிடம் மூச்சுப் பேச்சு இல்லை. வயிற்றிலிருந்த உயிரும் அவளோடேயே போய்விட்டது.

அவளைத் தூக்கி வந்து முன் சீட்டில் கிடத்தினான். அப்போது அவனுக்கு எந்த ஐயாவின் நினைவும் வரவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, சங்கிலி போடும்படி தொரை உத்தரவு போட்டார். மறுபடியும் அதே பட்டறை.

"ஆக்கள் ஏற மாட்டாங்கண்டுதானே சொன்னீங்க?" என்று அஸீஸ் கேட்டார்.

"அவங்களா ஏறிக்கிட்டா நாங்க என்ன செய்றது?" என்றார் கிளாக்கர்.

அந்தோனி முதல் தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். "அவங்களா ஏறல. நாந்தான் ஏத்துனேன். எங்க எல்லாரையும் அதுலதான் ஏத்துறதுன்னு ஒங்களுக்கும் தெரியும்."

அஸீஸ் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் கேட்டேன். அவர் இல்லெண்டதும், நமக்கென்ன எண்டு வேலைய முடிச்சிட்டேன்."

"மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு அஸீஸ் நாநா. ஒருத்தர் வாயத் தொறந்திருந்தா அவ பொழைச்சிருப்பா. பேச வேண்டிய எடத்துல நாம வாய மூடிக்கிட்டு நின்னா, நம்மள மூட்டையாத்தான் ஏத்துவாங்க. இது எனக்குப் புரியிறதுக்கு என் பொண்டாட்டியும் புள்ளையும் சாக வேண்டியிருந்திச்சு!"