ஊசியக்கா ஜெயித்த கதை

ஊசியக்கா தேர்தலில் நிற்பாள் என்று அந்தத் தெருவில் யாரும் கனவுகூடக் கண்டதில்லை. அவளும்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, தெருக்காரர்களுக்குப் பிரஷர் பார்ப்பதும், டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசியைப் போட்டுவிடுவதும்தான் அவள் பொழுது. அதற்குக் காசு வாங்க மாட்டாள். காலையிலிருந்தே அந்த அறையில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். பாதிப் பேர் பிரஷர் பார்க்க வருவார்கள், மீதிப் பேர் அதை ஏற்றிவிட்ட மருமகளைப் பற்றிச் சொல்ல வருவார்கள்.

அந்த வார்டில் குடைக் கட்சியும் சாவிக் கட்சியும் மாறி மாறி ஜெயித்து வந்தன. பின்தெருச் சாக்கடை மட்டும் மாறவே இல்லை. நல்ல மழை பெய்தால் அது வீட்டுக்குள்ளேயே வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி வந்து, "இந்தத் தடவை கண்டிப்பா முடிச்சுடுவோம்" என்பார்கள். இந்த முறை அப்படி வந்தவர்களின் முகத்துக்கு நேராகவே பலர் கதவைச் சாத்தினார்கள்.

"யாரு வந்தா நமக்கென்ன? நான் ஓட்டுப் போடவே போறதில்ல" என்று ஒருநாள் முன்னறையில் யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எதிர்வீட்டு அண்ணிதான் ஊசியக்கா பக்கம் திரும்பினாள். "ஏன், நீயே நில்லேன்."

"போங்க அண்ணி, வேற வேலையில்ல" என்றாள் ஊசியக்கா.

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஊசிக்குக் காத்திருந்த இஸ்திரிக்காரர் விடவில்லை. "வலிக்காது வலிக்காதுன்னு சொல்லியே குத்துனவங்களத்தான் இத்தன நாளாப் பாத்தோம். வலிக்கும், பல்லக் கடிச்சுக்கோன்னு முன்னாடியே சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தாங்க்கா."

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது விஷயம் ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தது.

ஓட்டு எண்ணிய அன்று பள்ளிக்கூட வாசலில் இஸ்திரிக்காரர் கத்திய கத்தலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரே ஒரு அடி பின்வாங்கினார். ஓட்டுப்பதிவு அன்று வார்டில் பாதிப் பேர் வீட்டைவிட்டே கிளம்பியிருக்கவில்லை. கிளம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் ஊசியக்காவுக்குப் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் "சுயேச்சை வேட்பாளர் வெற்றி" என்று சொன்னபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

மதியத்துக்குள் மற்ற வார்டுகளின் முடிவும் வந்துவிட்டது. குடையும் சாவியும் சரிக்குச் சரி. நடுவில் ஒரே ஒரு சுயேச்சை. யார் நகராட்சித் தலைவராவதென்றாலும் ஊசியக்கா கை தூக்கியாக வேண்டும்.

"ஊரே உன் கையில இருக்குடி!" என்று அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலமே குடைக் கட்சிக்காரரின் கார் வாசலில் வந்து நின்றது. அந்தக் கட்சியில் தலைவர் பதவிமேல் கண் வைத்திருந்தவர் அவர்தான். நாற்காலி நுனியில் பவ்யமாக உட்கார்ந்தார். "தங்கச்சி, நீங்க கைய மட்டும் தூக்குங்க. துணைத் தலைவர் நீங்கதான். மத்தத வெளிய பேச வேணாம், பாத்துக்கலாம்."

"எனக்குப் பதவி வேணாம்ணே. ஞாயித்துக்கிழமை தெருவுக்கு வாங்க. சாக்கடைய எப்பக் கட்டுவீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொன்னா தூக்குறேன்."

மறுநாள் சாவிக் கட்சிக்காரர் வந்தார். அவரிடமும் அதையேதான் சொன்னாள். இருவருமே "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்று வாசல்வரை சிரித்த முகமாகப் போனார்கள். அந்தச் சிரிப்பைத்தான் தெரு பார்த்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது யார் காதிலும் விழவில்லை. எந்தக் கார் எவ்வளவு நேரம் நின்றது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு முன்னறை காற்று வாங்கியது. முதல் நாள், வேலையாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அண்ணியின் கணவர் பிரஷர் பார்ப்பதற்காக மெயின் ரோடு கிளினிக்கை நோக்கி வெயிலில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். அவள் வீட்டைக் கடக்கும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தபடி போனார்.

தேய்த்த துணியைக் கொடுக்க வந்த இஸ்திரிக்காரர் படியேறவில்லை. "இந்தாங்க மேடம்" என்று நீட்டினார்.

"அதென்ன மேடம்? அக்கான்னு கூப்பிட்ட வாய் என்னாச்சு?"

அவர் நெளிந்தார். "ஒண்ணுமில்லீங்க. யாரு சொன்னதையும் மனசுல வச்சுக்காதீங்க. எல்லாருந்தான் வாங்குறாங்க. நீங்க வாங்குனா மட்டும் என்ன தப்பு?"

"நான் யார்கிட்டயும் எதையும் வாங்கல."

"சரிங்க மேடம்."

அந்தச் 'சரி'யில் ஒரு சொட்டு நம்பிக்கை இல்லை. கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்தவரைப்போல அவர் தலையாட்டிவிட்டுப் போனதுதான் அவளைச் சுட்டது.

மகளிடம் போனில் சொன்னாள். "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துடு" என்றாள் மகள்.

"இப்ப வந்தா, வாங்கிட்டு ஓடிட்டான்னு ஆயிடும்டி."

"யாரு என்ன சொன்னா உனக்கென்ன?"

"முப்பது வருஷமா அவங்க முகத்தத்தானே பாத்துட்டிருக்கேன்" என்றாள் ஊசியக்கா. மறுமுனையில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மகள் அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் நாற்காலிகளைத் தானே தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். குடையும் வரவில்லை, சாவியும் வரவில்லை. தெருக்காரர்கள் சிலர் அவரவர் வாசலில் நின்று சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் நாற்காலிகளைத் திரும்ப உள்ளே அடுக்கினாள். ஒரு கை கொடுக்கக்கூட யாரும் வரவில்லை.

இருந்தாலும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். சாவிக் கட்சிக்காரர் போன மழையின்போது முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பின்தெரு வரை வந்து பார்த்தவர். போட்டோவுக்காகத்தான் வந்தார் என்றாலும் வந்தார். இருக்கிற இரண்டில் அவர் தேவலாம். கேட்கிறவர்களுக்குக் காரணத்தைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தலைவர் தேர்தல் அன்று அவள் பஸ்ஸில் போய் இறங்கியபோது நகராட்சி மன்றத்தின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து குடைக்காரர் இறங்கினார். அவருக்குப் பின்னால், ஏதோ ஜோக்குக்குச் சிரித்தபடி சாவிக்காரர் இறங்கினார். பிரச்சாரத்தில் ஒருவரை ஒருவர் திருடன் என்று மைக்கில் திட்டிய அதே இரண்டு பேர்.

உள்ளே எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. தலைவர் பதவி குடைக்கு, துணைத் தலைவர் பதவி சாவிக்கு. ஊரின் நன்மைக்காக வேற்றுமையை மறந்ததாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஊசியக்காவின் கை மடியிலேயே கிடந்தது.

"எதிர்க்கிறவங்க யாராவது?" என்று கேட்டார் அதிகாரி, ஒரு சடங்குக்காக.

அவள் கையைத் தூக்கினாள். அந்தப் பெரிய அறையில் அது ஒன்றுதான் மேலே நின்றது. சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெளியே வரும்போது குடைக்காரர் அவளை வழிமறித்து, "தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவுன்னு நாங்களே பேசி முடிச்சுட்டோம்" என்றார்.

செய்தி அவளுக்கு முன்பே தெருவை அடைந்துவிட்டது. இனியாவது தெரிந்திருக்கும், யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று கதவைத் திறந்து வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. பால்காரர்தான் போகிறபோக்கில் சொன்னார்: "நீங்க கேட்டது கொஞ்சம் அதிகமாப் போச்சாமே? அதான் ரெண்டு பேரும் சேந்துட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

முதல் கூட்டத்தில் அவளுக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இடம் போட்டிருந்தார்கள். பேச வாய்ப்பு வந்தபோது பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்தெருச் சாக்கடையைப் பற்றிப் பேசினாள். எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறுகிறது, எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குரல் ஆரம்பத்தில் பிசிறியது, பிறகு சரியாகிவிட்டது. யாரும் குறுக்கிடவில்லை. குறுக்கிட யாராவது கேட்டிருக்க வேண்டுமே.

வீடு திரும்பியபோது அண்ணி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பல நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள், என்ன தோன்றியதோ, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பேசினியாமே?"

"பேசினேன் அண்ணி."

"என்ன சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க."

அண்ணி கொடியிலிருந்து கடைசித் துணியை உருவினாள். "அதத்தானே எல்லாரும் சொல்றாங்க" என்றாள். திட்டுவது போலவும் இல்லை, ஆறுதல் சொல்வது போலவும் இல்லை. துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊசியக்கா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கைகால் கழுவிக்கொண்டு, மதியம் ஆக்கி வைத்ததைத் தட்டில் போட்டு நின்றபடியே சாப்பிட்டாள். நாளைக்கு இன்ஜினியர் ஆபீசுக்குப் போய் உட்கார வேண்டும். பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்பதுக்கே போய்விடலாம் என்று நினைத்தாள். வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்யப்போகிறாள்?