உவர்த்துண்டின் விதை

வேலணையில் பிரியவதனியின் மாமனார் ஐயாத்துரை எச்சில் கையால் காகம் கலைக்காத மனிதர். மேல்வயல் என்ற நல்ல வயலோடு, கடலோரமாய் அவருக்கு உவர் ஏறிய துண்டு நிலம் ஒன்றும் இருந்தது. அதில் நல்ல விதையைப் போடுவது வீண் என்பது அவருடைய கணக்கு. ஆகவே அங்கே தப்பிப் பிழைத்த நாலு கதிரின் நெல்லையே எடுத்துவைத்து, அடுத்த முறையும் அங்கேயே விதைப்பார். மேல்வயல் விதை மேல்வயலுக்கு, உவர் விதை உவருக்கு. இரண்டும் மொட்டைக்கறுப்பன் என்ற ஒரே நெல்தான். நாற்பது வருடம் இப்படியே போயிற்று. அவர் கண்மூடிய பின் மகன் சஞ்சீவனும் அந்த ஒழுங்கை மாற்றவில்லை. அப்பனின் சிக்கனம் அப்படியே வந்திருந்தது. மூக்குக்கு மேல் கோபம் மட்டும் அவனுடைய சொந்தச் சம்பாத்தியம்.

இந்தப் புரட்டாதியில் சஞ்சீவன் மோட்டார்சைக்கிளால் விழுந்து கால் முறிந்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிவப்புத் துணி கட்டிய மூடை மேல்வயலுக்கு, கயிறு கட்டியது உவருக்கு என்று போனில் மூன்று தரம் சொன்னான். பிரியவதனி நெல்லை வெயிலில் காயப்போட்டு அள்ளினாள். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் துணியையும் கயிற்றையும் மாற்றிக் கட்டிவிட்டாள்.

விதைத்து மூன்றாம் நாள், கயிறு கட்டியிருந்த சாக்கின் அடியில் மிஞ்சியதைக் கோழிகளுக்கு அள்ளும்போதுதான் கண்டாள். அவ்வளவும் கொழுத்த மேல்வயல் நெல். அப்படியே குந்திவிட்டாள். வீட்டில் வருடம் முழுக்கப் பொங்குகிற சோறு அந்த வயலில்தான் விளையவேண்டும். அங்கே உவர்த்துண்டின் பதர் விதையைக் கொட்டியாயிற்று.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கட்டுப்போட்ட காலை நீட்டிக் கதிரையே கதியென்று உட்கார்ந்திருந்தவன் பயிர் எப்படி என்று கேட்கும்போதெல்லாம் நல்லாய் நிற்கிறது என்றாள். மேல்வயல் நின்றதுதான். உவர்த்துண்டில் முளைத்ததெல்லாம் ஒரே கிழமையில் கருகிப்போனதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

கார்த்திகைப் புயலில் கடல் அணையைத் தாண்டி வந்து வயல்களில் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு ஊர்ப் பயிரெல்லாம் நுனியிலிருந்து சிவந்து, வைக்கோலாய்ப் படுத்துவிட்டது. சஞ்சீவன் தடியை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டான். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தபடி பிரியவதனி பின்னால் நடந்தாள். இனி மறைக்க ஏலாது என்பது அவளுக்குத் தெரியும்.

மேல்வயல் பச்சையாய் நின்றது. அங்கங்கே நுனி மஞ்சளித்திருந்ததே தவிர, சாகவில்லை. அழிவைப் பதிய வந்திருந்த விவசாய உத்தியோகத்தர் கோசலா வரம்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன விதை என்று கேட்டாள். மேல்வயல் விதைதான் என்றான் சஞ்சீவன்.

"நான்தான் மூடையை மாத்திக் கட்டினனான்," என்றாள் பிரியவதனி. "உவர் நெல்லை இஞ்சை விதைச்சுப்போட்டன்."

கோசலா விவரமெல்லாம் கேட்டறிந்தாள். அப்படியென்றால் நெல் உப்புக்குப் பழகிவிட்டதோ என்று சஞ்சீவன் கேட்டான்.

"ஒரு நெல்லும் பழகேல்லை அண்ணை. ஒரே நெல்லெண்டாலும் எல்லாம் ஒரேமாதிரி இராது. தாங்க ஏலாதது வருசா வருசம் செத்துது. தாங்கினதின்ர விதையைத்தான் உங்கட அப்பா திரும்பத் திரும்பப் போட்டவர். நாப்பது வருசத்தில மிஞ்சினதெல்லாம் தாங்கிற வம்சம்."

கோசலா அடுத்த வயலுக்குப் போன பின் சஞ்சீவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

"எப்ப கண்டனீர்?"

"விதைச்சு மூண்டாம் நாள்."

"இவ்வளவு நாளும் சொல்லேல்லை. என்னில அவ்வளவு பயமோ?"

பிரியவதனி அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

"ஓம்," என்றாள்.

கத்துவான் என்று நினைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது என்ர பிழை," என்றான், அவளுக்கு மட்டும் கேட்க.

இரண்டு மாதம் நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது. அவள் வரம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் தடியைக் கீழே போட்டுவிட்டு, முறிந்த காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.