வலது முழங்கால்

ரென்செலைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முழுக்க நான் நியாயஸ்தன் மாதிரி பேசிக்கொண்டிருப்பேன், நம்பிவிடாதீர்கள்.

எங்கள் பேட்டை தலைநகர் ஓரத்து மலபோனில், ஆற்றுப் பக்கம். பைக்கோடு பக்கப் பெட்டி கோத்து ஆள் ஏற்றுகிற டிரைசிகிள்களின் ஸ்டாண்டை ஒட்டி என் பஞ்சர் கடை. சவாரிக்கு வரிசையில் நிற்கிற ஓட்டுநர்கள் என் கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்தால் பாஸ்கெட்பால். அரசியல் பேசினால் அடிதடி வரும் என்று அதை விட்டுவிட்டார்கள். பாஸ்கெட்பாலிலும் அடிதடி வரும், ஆனால் அரை மணியில் சமாதானமாகிவிடுவார்கள்.

டிராஃப்டுக்கு மூன்று வாரம் இருந்தது. பன்னிரண்டு கம்பெனி அணிகளும் புதுப் பையன்களை வரிசையாகப் பெயர் சொல்லி எடுக்கிற நாள். முதல் சுற்றில் பெயர் வந்தால் அவனுக்கு வேலை உறுதி. இரண்டாம் சுற்றென்றால் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வருடம் எங்கள் பேட்டைப் பையன் ஒருவன் பெயர் எல்லாப் பட்டியலிலும் முதல் மூன்றுக்குள் இருந்தது. அவன்தான் ரென்செல் மக்காராயெக்.

"நேத்து அந்த சோப்பு டீம் பையன் ஆடினதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று ஆரம்பித்தார் மாங் டெலியோ. ஸ்டாண்டில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் மாங். "ஏழு தடவ பந்த எதிராளி கையில குடுத்தான். அதுக்கு அவனுங்க சட்டையவே போட்டுக்கிட்டு ஆடியிருக்கலாம்."

"இருபத்தாறு பாயிண்ட் எடுத்தானே, அது உங்க கண்ணுல படலையா?" என்றான் கார்டிங். ஓட்டுநர்களில் சின்னவன். ஃபேஸ்புக்கில் டிராஃப்டுக்கென்றே ஒரு பக்கம் நடத்துகிறான், நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள்.

"இருபத்தாறு எடுத்து முப்பது விட்டான். எங்க மச்சான் குடும்பம் நடத்துற லட்சணம்."

"அதுக்குத்தான் ரென்செல் மாதிரி ஆளு வேணும்னு சொல்றேன். மீன் டின் விக்கிற சார்டின் டீமுக்கு மூணாவது வாய்ப்பு. கண்ண மூடிக்கிட்டு எடுப்பாங்க பாருங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரென்செலோடு ஆடியவன் நான். ஸ்டாண்டில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். பதினாறு வயதில் பேட்டை லீக் இறுதி ஆட்டத்தில் நான் முப்பத்தோரு பாயிண்ட், அவன் ஒன்பது. அப்போது இருவரும் ஒரே உயரம். அடுத்த இரண்டு வருடத்தில் அவன் ஆறடி மூன்றுக்குப் போய்விட்டான். நான் ஐந்தடி ஏழோடு நின்றுவிட்டேன். கல்லூரி அணிக்குத் தேர்வு நடந்த அன்று பயிற்சியாளர் என் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, என் தலைக்கு மேலே பார்த்துவிட்டு அவனை எடுத்துக்கொண்டார். யாரையும் திட்டவும் முடியாத தோல்வி அது.

"இடது கை வராது அவனுக்கு" என்றேன், டயரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வருதே. போன ஆட்டத்துல நாலு கூடை இடது கையில போட்டான்."

"ஃப்ரீ த்ரோ சொதப்புவான்."

கார்டிங் போனைத் தேய்த்தான். "நூத்துக்கு எண்பத்தொண்ணு."

"கடைசி அஞ்சு நிமிஷத்துல கை நடுங்கும்."

"புக்னோய்," என்று எதிரிலிருந்து குரல் கொடுத்தாள் அலிங் நிடா. வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் செருகி விற்பவள், பேட்டைக்கே அலிங், அதாவது அக்கா. "அவன் பேரச் சொன்னாலே உன் மூஞ்சி ஏன்டா என் சட்டியில கருகின பழமாட்டம் ஆயிடுது?"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. மாங் டெலியோ சிரித்து இருமினார். எனக்குக் காது சுட்டது. கார்டிங் விடவில்லை. அவனுக்கு எல்லோரும் 'பாரே', அதாவது நண்பன்.

"ஒரே ஒரு குறை சொல்லு பாரே. நீதான கூட ஆடினவன். எங்க போன்ல இல்லாத ஒண்ணு."

"முழங்கால்" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"வலது முழங்கால். வெளிய யாருக்கும் தெரியாது. காலையில மாடியிலேர்ந்து இறங்கும்போது ஒவ்வொரு படியா ரெண்டு காலையும் வச்சு வச்சுத்தான் இறங்குவான். பாவம், விடுங்க. நான் சொல்லியிருக்கக் கூடாது."

அந்தப் படிக்கட்டு எங்கிருந்து வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு விழுந்த அமைதி இருக்கிறதே, அதன் ருசியை என்னவென்று சொல்வேன். அலிங் நிடாகூடச் சட்டியைக் கிண்டாமல் நின்றாள். தோற்றுக்கொண்டிருந்த வாக்குவாதத்தை ஒரே எறியில் ஜெயித்துவிட்டேன்.

அன்று மாலையே கார்டிங் எழுதிவிட்டான். "வீரரோடு நெருங்கிப் பழகிய வட்டாரம்" என்று போட்டிருந்தான். அந்த வட்டாரம் நான்தான், கையில் டயர் கறையோடு படித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டு விஷயம் அப்படியே இருந்தது. ஐந்நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். இரண்டு நாளில் இன்னும் பெரிய பக்கமொன்று எடுத்துப் போட்டது. வாரக் கடைசியில் ரேடியோவில் ஒருவர், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசினார்.

"கேட்டியாடா," என்று மாங் டெலியோ வண்டியை நிறுத்தாமலே கத்தினார், "நீ சொன்னது ரேடியோவுலயே வந்துடுச்சு! இடது முழங்காலாமே!"

"இடது இல்ல, வலது" என்றேன்.

மறுக்க வேண்டிய இடத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். என் லட்சணம் அப்படி.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரென்செலே வந்தான். ஸ்டாண்டில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பெஞ்சில் உட்கார்ந்து நீளக் காலை நீட்டினான், கால் என் பம்ப் வரைக்கும் வந்தது. அதற்கும் எரிந்தது எனக்கு.

"நீயும் கேள்விப்பட்டிருப்பயே" என்றான்.

"என்னத்த?"

"முட்டி. எவன் கிளப்பிவிட்டான்னே தெரியல. டாக்டர் பாத்தாரு, படம் எடுத்தாங்க, ஒண்ணுமில்லங்குறாங்க. ஆனா எங்க போனாலும் எல்லாரும் என் காலத்தான் பாக்குறாங்க. இப்ப நானே பாக்குறேன்டா. நேத்து காலையில மாடியிலேர்ந்து இறங்கினேன், பாதியில கவனிச்சா ஒவ்வொரு படியா நின்னு நின்னு இறங்கிட்டிருக்கேன். வலிக்குற மாதிரியும் இருக்கு." அவன் முட்டியைத் தடவினான். "சின்ன வயசுலேர்ந்து என் ஆட்டத்தப் பாத்தவன் நீ. நெசமாச் சொல்லு. நான் நொண்டுறேனா?"

அலிங் நிடா கடை வரைக்கும் நடந்து காட்டச் சொன்னேன். நடந்தான். திரும்பி வந்தான்.

"இல்லடா. குதிரை மாதிரி நடக்குற."

"அப்பாடா," என்றான். உண்மையிலேயே நிம்மதியாகிவிட்டான். நான் வாங்கிக் கொடுத்த வாழைப்பழப் பொரியலை இரண்டு குச்சி தின்றுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் பெஞ்சு நிறைந்ததும் எழுந்து நின்றேன். "அந்த முட்டி விஷயம், நான் சும்மா சொன்னது. அவனுக்கு ஒண்ணும் இல்ல."

மாங் டெலியோ என் தோளைத் தட்டினார். "மத்தியானம் அவன் இங்க வந்துட்டுப் போனானாமே."

"ஆமா, அதனாலதான்..."

"புரியுதுடா. சிநேகிதன் கெஞ்சிக் கேட்டான், நீ மறைக்கிற. நல்ல மனசு உனக்கு."

"அய்யோ, இல்ல மாங் டெலியோ, நிஜமாவே நான் கட்டிவிட்டது!"

"படிக்கட்டயும் கட்டிவிட்டியா?" என்று கார்டிங் கண்ணடித்தான். "அவ்வளவு கற்பனை உனக்கு ஏது பாரே?"

மறுபடியும் சிரிப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிப் பார்த்தாயிற்று, இனி என் பொறுப்பில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இன்னொரு தடவை, உரக்க, அவர்கள் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டிராஃப்டுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு போன் வந்தது. பதமான குரல்.

"புக்னோய்ங்களா? நான் சார்டின் டீம்லேர்ந்து பேசுறேன். ரென்செல் உங்க நம்பரக் குடுத்தாரு. டாக்டர் சீட்டெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா வதந்தி நிக்க மாட்டேங்குது. பக்கத்துல இருந்து பாத்தவங்க ஒருத்தர் வாயால கேட்டுட்டா எங்க பெரியவங்க முடிவு பண்ணிடுவாங்க. ஒரு வார்த்த போதும்."

என் வாயில் அந்த வார்த்தை இருந்தது. நல்லா இருக்கான் சார், சிங்கம் மாதிரி இருக்கான். இத்தனை நாள் சேர்த்த பாவத்தை அந்தக் குரலிடம் இறக்கி வைத்துவிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"உங்களப் பத்தி ரொம்பச் சொன்னாரு," என்றார் அவர், மரியாதைக்காகத்தான். "தன்னோட நம்பர் ஒன் ரசிகர்னு சொன்னாரு."

ரசிகன்.

அவனுக்குப் பந்து தள்ளிக் கொடுத்தவன் நான். அவன் ஒன்பது எடுத்த நாளில் முப்பத்தொன்று எடுத்தவன். எட்டு வருடத்தில் நான் கைதட்டுகிற கூட்டத்தில் ஒருவனாகிவிட்டேன், அதிலும் அவனே நம்பர் போட்டு முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறான்.

"முட்டி விஷயமெல்லாம் டாக்டரத்தான் கேக்கணும் சார்," என்றேன். "எனக்கென்ன தெரியும்? நான் வெறும் ரசிகன்தானே."

"ஓ," என்றார். "சரி. புரியுது. நன்றிங்க."

திரும்பக் கூப்பிட அந்த நம்பர் என் போனிலேயே இருந்தது. இரண்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேட்டை மைதானத்தில், கூரைக்குக் கீழே, மேசை மேல் டிவியை வைத்து ஊரே கூடியிருந்தது. அலிங் நிடா கடையையே அங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரென்செலும் அவன் அம்மாவும் டிவிக்குள் இருந்தார்கள், அவன் நீலக் கோட்டில். அந்தக் கோட்டு எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன்.

முதல் பெயர், கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஆறடி எட்டுக்காரன். எதிர்பார்த்ததுதான். இரண்டாவது, ஒரு பெரிய உடம்புக்காரன். "அவன் ஓடினா ஆம்புலன்ஸும் கூட ஓடணும்" என்றார் மாங் டெலியோ. மூன்றாவதுக்கு சார்டின் அணியின் ஆள் மேடைக்கு வந்தார். மைதானம் மூச்சைப் பிடித்தது. செபு தீவுக்காரப் பையன் ஒருவன் பெயரைப் படித்தார்.

"முட்டிதான்!" என்று கார்டிங் துள்ளினான். "எழுதினேனா இல்லையா!"

நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு பெயருக்கும் கேமரா ரென்செல் மேல் போய்த் திரும்பியது. எட்டாவது பெயருக்கு அவன் அம்மா அவன் கையைப் பிடித்தாள். பன்னிரண்டோடு முதல் சுற்று முடிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குள் ஒரு மூலையில் இனித்தது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. முதலில் வந்தது இனிப்புதான்.

பதினைந்தாவதாக ஒரு பேட்டரி கம்பெனி அணி அவனை எடுத்தது. மைதானத்தில் அரைகுறைக் கைதட்டல். அதைவிடப் பெரிய கைதட்டல் எனக்குக் கிடைத்தது.

"நாட்டுலயே மொதல்ல சொன்னவன் நம்மாளு!" மாங் டெலியோ என் கழுத்தை வளைத்துக்கொண்டார். "இனிமே டிராஃப்டுன்னா இவன் வாயத்தான் பாக்கணும். அடுத்த வருஷம் யாருடா? சொல்லு, இப்பவே சொல்லு!"

பையில் போன் அதிர்ந்தது. ரென்செல். பின்னால் அரங்கத்தின் இரைச்சல்.

"பாத்தியா?" என்றான். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் சிரிக்கப் பார்த்தான்.

"பாத்தேன்."

"சார்டின் ஆளு உனக்குப் போன் பண்ணாரா?"

"பண்ணாரு."

"என் ஆட்டத்த உன்ன மாதிரி பாத்தவன் எவனும் இல்லன்னு அவர்கிட்ட சொன்னேன்டா. நீ சொன்னா நம்புவாங்கன்னு நெனச்சேன். நீயே சொல்லியும் அவங்க எடுக்கலன்னா, என்னமோ இருக்குடா என் முட்டியில. டாக்டருக்கும் தெரியாம என்னமோ இருக்கு. இப்ப மேடைக்கு ஏறும்போதுகூட வலிச்சுது."

"இல்லடா. ஒண்ணுமில்ல. உன் முட்டி நல்லா இருக்கு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எப்படிடா நீ அவ்வளவு நிச்சயமாச் சொல்ற?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. மாங் டெலியோவின் கை இன்னும் என் கழுத்தில் கிடந்தது. கார்டிங் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், எழுதிக்கொள்ளத் தயாராக.

"ஏன்னா அதக் கிளப்பிவிட்டதே நான்தான்" என்றேன். "படிக்கட்டும் நான் சொன்னதுதான். அந்த ஆளு கேட்டப்பவும் நான் ஒழுங்கா பதில் சொல்லல. உன் காலுல ஒண்ணுமே இல்ல ரென்செல். ஒருநாளும் இருந்ததில்ல."

மாங் டெலியோவின் கை மெல்ல என் கழுத்தை விட்டு இறங்கியது. போனில் பதினாறாவது பெயருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடா?" என்றான் ரென்செல்.

"பொறாமைடா" என்றேன். "வேற ஒண்ணுமே இல்ல."